பித்தப்பையில புத்துநோய்னு சொல்லிட்டாங்களா? ஆபரேஷனுக்கு முன்னயும் பொறவும் செய்ய வேண்டிய சோலிகள்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பித்தப்பை கல்லுன்னா தெரியாத ஆளு கிடையாது, தெருவுக்கு ரெண்டு பேரு ஆபரேஷன் பண்ணிருப்பாவ. அதே பித்தப்பையில புத்துநோயும் வரும்னு சொன்னா "அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னுதான் கேப்பாங்க. கேக்குறதுல தப்பில்ல. இது வடக்க கங்கை ஓடுற உத்தரப் பிரதேசம், பீகார் பக்கந்தான் அதிகம், வெளிநாட்டுல சிலி, பொலிவியால அதிகம், நம்ம தெக்கத்திப் பக்கம் கம்மி. கம்மியா இருக்கதே நமக்கு ஒரு சிக்கல், ஏன்னா வயித்து ஆபரேஷன் பண்ணுத எல்லா டாக்டரும் இத அடிக்கடி பாத்திருக்க மாட்டாங்க, சொந்தக்காரங்கள்ட்ட விசாரிப்போம்னா அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது.

எங்க மதினிக்கு இது வந்தப்ப ஸ்கேன் எடுக்குறதுல இருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் கூட நின்னேன். அதுக்குப் பொறவு தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்புல அனுப்பி கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. எல்லாத்துக்கும் தனித்தனியா சொல்லுததுக்கு ஒரே எடத்துல எழுதிப் போட்டுருதேன். நான் டாக்டர் இல்ல, இத வச்சு நீங்களா ஒரு முடிவும் எடுக்கக்கூடாது, டாக்டர்ட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சிட்டுப் போறதுக்குத்தான் இது.

ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிருதேன். இந்த நோயில எல்லாமே "பித்தப்பை சுவத்துக்குள்ள எவ்வளவு ஆழம் போயிருக்கு"ங்கிற ஒரே கேள்வியிலதான் நிக்கும். சின்ன ஆபரேஷன் போதுமா, பெரிசு வேணுமா, ஆபரேஷனே வேண்டாமாங்கிறது எல்லாம் அதுலதான் இருக்கு. அந்த பதில் எழுதின பேப்பரு கைக்கு வாரதுக்கு முன்னால அவசரப்பட்டு எதுவும் செஞ்சிரக்கூடாது, வந்ததுக்குப் பொறவு சும்மா இருந்துரவும் கூடாது.

பித்தப்பைன்னா எங்கன இருக்கு

வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழ, ஈரலோட அடிப்பக்கத்துல ஒட்டிட்டு ஒரு சின்ன கத்திரிக்கா மாதிரி தொங்கும். ஈரல் சுரக்குற பித்தத்த ஒரு 30ல இருந்து 50 மில்லி வரைக்கும் சேத்து வச்சி, நாம கொழுப்புள்ள சாப்பாடு சாப்பிடும்போது குடலுக்கு விடும். இது இல்லாமலும் ஆளு நல்லா இருக்கலாம், பித்தம் ஈரல்ல இருந்து நேரா குடலுக்குப் போயிரும்.

இதோட சுவரு ரொம்ப மெல்லிசு. உள்ள ஒரு சவ்வு, அதுக்கு மேல தசை, அதுக்கு மேல கொஞ்சம் இணைப்புத் திசு, கடைசியா வெளி உறை. ஈரல ஒட்டி இருக்க பக்கத்துல அந்த வெளி உறையும் கிடையாது, அதனால அந்தப் பக்கம் வந்த கட்டி ஈரலுக்குள்ள சுளுவா எறங்கிரும். பொறவு ஆபரேஷன்ல ஏன் ஈரல்லயும் ஒரு துண்டு எடுக்காங்கன்னு குழம்புவீங்க, அதுக்கு காரணம் இதான்.

எப்ப சந்தேகப்படணும்

ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாது, அதான் இந்த சவத்துல உள்ள பெரிய தொல்லை. வலது பக்கம் மேல்வயித்துல வலி, சாப்பிட்டா உப்புசம், பசி இல்ல, எட கொறையுது, இதெல்லாம் வரும். நாமளும் கேஸ் டிரபிள்னு சொல்லி மெடிக்கல்ல போயி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருப்போம்.

மஞ்சக்காமாலையத்தான் கவனமா பாக்கணும். கண்ணு மஞ்சளாச்சின்னா நம்ம பக்கம் மொத வேலையா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலந்து குடுப்பாவ, இல்லன்னா மருந்து குடுக்குற வைத்தியரத் தேடிப் போவாவ, உப்பு இல்லாம பத்தியம், மூணு வாரம் நாலு வாரம்னு போயிரும். கிருமியால வாற காமாலை பல பேருக்கு தானா சரியாகும், அந்தப் பேரு கீழாநெல்லிக்குப் போயிருது. ஆனா பித்தக்குழாய் அடைச்சு வாற காமாலை அப்படி போகாது. ஒடம்பு பூரா அரிப்பு, ராத்திரி தூங்க விடாத அரிப்பு, மூத்திரம் கட்டன்சாயா நிறத்துல, மலம் வெளிறிப்போயி. இப்படி இருந்தா அன்னைக்கே ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துருங்க, குழாய் அடைச்சு வீங்கிருக்கா இல்லையான்னு அதுலயே பெரும்பாலும் தெரிஞ்சிரும்.

பொம்பளைங்களுக்கு இது ஆம்பளைங்கள விட ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது. வீட்டுல அம்மை, ஆச்சி யாராவது "ஒண்ணுமில்லய்யா, வாய்வுதான்"னு சொல்லிட்டு சுருண்டு படுத்தா அத அப்படியே நம்பிராதீங்க.

கல்லு இருக்கவங்க எல்லாம் பயப்படணுமான்னு கேட்டா, வேண்டாம். இந்தப் புத்துநோய் வந்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல கல்லு இருக்கும், ஆனா கல்லு இருக்கவங்கள்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் புத்துநோய் வரும். தொந்தரவே இல்லாத கல்ல எல்லாரும் ஓடிப்போயி எடுக்கணும்னு அவசியமில்ல. கல்லு 3 செ.மீ.க்கு மேல இருந்தா, பாலிப்னு சொல்லுத உள்வளர்ச்சி 1 செ.மீ.க்கு மேல இருந்தா, சுவத்துல சுண்ணாம்பு படிஞ்சிருந்தா, இல்ல ஸ்கேன்ல ஒரு எடத்துல மட்டும் சுவரு தடிச்சிருக்குன்னு எழுதிருந்தா, அப்ப சர்ஜன்ட்ட போயி பேசணும்.

ஸ்கேன்ல சந்தேகம்னு வந்தா

அடுத்து ஊசி போட்டு எடுக்குற சி.டி. ஸ்கேன். அதுக்கு முன்னால கிட்னி நல்லா இருக்கான்னு கிரியாட்டினின் டெஸ்ட் பாப்பாங்க, சுகர் மாத்திரை போடுதவங்க அதையும் சொல்லிருங்க. காமாலை இருந்தா பித்தக்குழாய பாக்க எம்.ஆர்.சி.பி. எடுப்பாங்க. ரத்தத்துல ஈரல் டெஸ்ட்டு, புத்துநோய் சந்தேகத்துல பாக்குற சி.ஏ. 19-9ன்னு ஒரு டெஸ்ட்டு. இந்த சி.ஏ. 19-9 வெறும் அடைப்பு காமாலைக்கே ஏறும், அதனால நம்பர பாத்த ஒடனே கூகுள்ல தேடி அழுதுட்டு இருக்காதீங்க. சில பேருக்கு வேற எங்கயும் பரவிருக்கான்னு பாக்க பெட் ஸ்கேனும் சொல்லுவாங்க.

"ஊசி குத்தி சதைய எடுத்து பாத்துட்டு பொறவு ஆபரேஷன் பண்ணலாமே"ன்னு வீட்டுல எல்லாரும் கேப்பாங்க. எடுக்கக்கூடிய நிலமையில இருக்க கட்டியில பொதுவா அப்படி குத்த மாட்டாங்க, குத்துன வழியிலயும் வயித்துக்குள்ளயும் செல்லு சிந்திரும்ங்கிற பயம். ஆபரேஷன் முடியாது, கீமோதான்னு முடிவானா மட்டும் கீமோ ஆரம்பிக்கதுக்கு முன்னால பயாப்சி எடுத்தே ஆகணும். சில சமயம் நாள்பட்ட வீக்கமே ஸ்கேன்ல அச்சு அசலா புத்துநோய் மாதிரி தெரியும், எடுத்துப் பாத்தா ஒண்ணும் இருக்காது. இந்த ஆபரேஷன்ல அப்படியும் நடக்கும், டாக்டரு ஏமாத்திட்டாருன்னு சண்டைக்குப் போகக்கூடாது.

இங்கன ஒரு எச்சரிக்கை. சந்தேகம்னு தெரிஞ்ச பொறவு "பாத்துக்கலாம், மொதல்ல சாதாரண லேப்ராஸ்கோப்பி பண்ணி பைய எடுத்துருவோம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. கட்டி உள்ள பை ஆபரேஷன்ல கிழிஞ்சு பித்தம் வயித்துக்குள்ள சிந்திட்டா நோய் திரும்ப வாற வாய்ப்பு கூடிரும். மொத ஆபரேஷனே சரியான ஆபரேஷனா இருக்கணும்.

கல்லுன்னு எடுத்தாங்க, ரிப்போர்ட்டுல புத்துநோய்னு வந்துருக்கு

பல பேரு இந்த வழியிலதான் வாராங்க, எங்க மதினியும் அப்படித்தான். கல்லுக்கு ஆபரேஷன் பண்ணி மூணாம் நாள் வீட்டுக்கு வந்தாச்சு, தையல் பிரிச்சாச்சு. ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், எடுத்த பைய லேபுக்கு அனுப்புனத எங்கள்ட்ட யாரும் சொல்லவே இல்ல. இன்சூரன்ஸ் பில்லுக்கு எல்லா பேப்பரும் வேணும்னு அண்ணன் போயி நின்னு சத்தம் போட்டப்பதான் அந்த ரிப்போர்ட்ட ஒரு பைல்ல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. இன்சூரன்ஸ் இல்லாத வீடா இருந்தா அது அங்கனயே கெடந்திருக்கும்.

அதனால கல்லுக்கே எடுத்தாலும் பயாப்சி ரிப்போர்ட்ட கையோட கேட்டு வாங்குங்க. லேப் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளுல குடுத்துருவாங்க. வந்த ரிப்போர்ட்டுல "அடினோகார்சினோமா"ன்னு இருந்தா அது புத்துநோய்தான், அதுக்குக் கீழ "பி.டி." (pT)ன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பரு இருக்கும். அத தேடுங்க, விஷயமே அதுலதான்.

1-ஏ (pT1a)ன்னு இருந்தா உள்சவ்வோட நிக்கி. பைய முழுசா, ஓரத்துல நோய் இல்லாம எடுத்துட்டாங்கன்னா பெரும்பாலும் அதுவே போதும், இன்னொரு ஆபரேஷன் தேவைப்படாது. 1-பி (pT1b)ன்னு இருந்தா தசைக்குள்ள போயிருக்கு. 2ன்னா தசையத் தாண்டி இணைப்புத் திசுவுல, அதுலயும் ஈரல் பக்கமா மறுபக்கமான்னு ஏ, பி போட்டு பிரிச்சிருப்பாங்க, ஈரல் பக்கம் இருந்தா கொஞ்சம் மோசம். 3ன்னா வெளி உறைய கிழிச்சிருச்சு, இல்ல ஈரலையோ பக்கத்துல உள்ள ஒரு உறுப்பையோ தொட்டுருச்சு. 4ன்னா ஈரலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய புடிச்சிருச்சு, இல்ல ரெண்டு மூணு உறுப்புக்குப் போயிருச்சு. 1-பில இருந்து மேல, எடுக்க முடியுத நிலமையில இருந்தா, ரெண்டாவதா பெரிய ஆபரேஷன் வேணும்.

"சிஸ்டிக் டக்ட் மார்ஜின்"னு ஒரு வரி இருக்கும், பைய வெட்டுன கழுத்துப் பகுதி. அதுல நோய் இருக்குன்னு இருந்தா பித்தக்குழாயவும் எடுக்க வேண்டி வரலாம். அந்த வரியே இல்லன்னா லேபுல கேளுங்க.

பொறவு அதே லேபுல ஸ்லைடும் ப்ளாக்கும் வேணும்னு எழுதிக் குடுத்து வாங்குங்க. ஸ்லைடுங்கிறது மைக்ராஸ்கோப்புல பாக்குற கண்ணாடித் துண்டு, ப்ளாக்குங்கிறது மெழுகுல பதிச்ச சதைத் துண்டு, ஒரு குட்டி பிளாஸ்டிக் சட்டத்துல நம்பர் எழுதி இருக்கும். பெரிய ஆஸ்பத்திரில அத திரும்ப அவங்க லேபுல பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க. மெழுகுங்கிறதால சித்திரை வெயில்ல நிக்கிற காருல டேஷ்போர்டு மேல வச்சிட்டுப் போயிராதீங்க, கைப்பையிலயே இருக்கட்டும். மொத ஆபரேஷன் நோட்ஸையும் கேளுங்க. அப்ப பை கிழிஞ்சதா, பித்தம் சிந்துச்சா, பைய ஒரு கவர்ல போட்டு வெளிய எடுத்தாங்களா அப்படியே உருவுனாங்களான்னு அடுத்த சர்ஜன் கேப்பாரு.

ரெண்டாவது ஆபரேஷன பொதுவா மொத ஆபரேஷன்ல இருந்து நாலு வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் நடுவுல வைப்பாங்க. அதனால ஒரு ராத்திரில ஓட வேண்டாம், கோயில் கொடை முடியட்டும், கல்யாணம் முடியட்டும்னு தள்ளவும் வேண்டாம்.

எங்க போறது

கேக்க வேண்டியது ஆஸ்பத்திரி பேர இல்ல. "இந்த ரேடிக்கல் ஆபரேஷன (ஈரல் துண்டும் சேத்து எடுக்குற பெரிய ஆபரேஷன்) இங்க யாரு பண்ணுதாங்க, அடிக்கடி பண்ணுவாங்களா, ஐ.சி.யூ., ரத்த வங்கி, ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியா குழாய் விட்டு பித்தக்குழாய் அடைப்ப பாக்குறது) எல்லாம் இருக்கா" அதான் கேள்வி. சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ (வயிறு, ஈரல் ஆபரேஷன்), இல்லன்னா சர்ஜிக்கல் ஆன்காலஜி (புத்துநோய் ஆபரேஷன்) எம்.சிஹெச்.ங்கிற மேல்படிப்பு படிச்சவரா இருக்கணும். மொதல்ல பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) ஓ.பி. சீட்டு போட்டு காட்டுங்க, அங்கயே முடியுமா, வேற எடத்துக்கு எழுதிக் குடுக்காங்களான்னு தெரிஞ்சிரும். நம்ம பக்கத்துல இருந்து மதுரைக்கும் போறாங்க, நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கும் (ரீஜனல் கேன்சர் சென்டர்) போறாங்க, தூரம் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். சென்னைன்னா 1954ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் எல்லாத்துக்கும் தெரிஞ்சது. ரெண்டு எடத்துல கருத்து கேக்குறது தப்பே இல்ல, ஆறு எடத்துல கேட்டா நாளுதான் போகும்.

காசு விஷயம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூவாய்க்குள்ள இருந்தா, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. கார்டு இல்லன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோட கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போங்க. கேரளாவுக்குப் போறதா இருந்தா ஒங்க கார்டு அங்க செல்லுமான்னு கெளம்புததுக்கு முன்னாலயே போன்ல கேட்டுருங்க. ரயில்ல புத்துநோய்க்காரங்களுக்கு சிகிச்சைக்குப் போகவர ஸ்லீப்பர்லயும் மூணாவது ஏ.சி.லயும் டிக்கெட்டுக்கு காசே கிடையாது, கூடப் போறவருக்கு முக்காவாசி தள்ளுபடி. ஆஸ்பத்திரில டாக்டர் கையெழுத்து சீலோட படிவம் வாங்கி கவுண்டர்ல குடுக்கணும்.

ஆபரேஷன்ல என்ன நடக்கும்

மஞ்சக்காமாலை ரொம்ப இருந்தா ஒடனே வெட்ட மாட்டாங்க. வாய் வழியா குழாய் விட்டு ஸ்டென்ட் (அடைப்ப தொறந்து வைக்கிற சின்னக் குழாய்) வைப்பாங்க, இல்லன்னா விலாப்பக்கமா ஈரலுக்குள்ள குழாய் போட்டு பித்தத்த பையில வடிப்பாங்க, பிலிருபின் (ரத்தத்துல உள்ள காமாலை அளவு) எறங்குனப் பொறவுதான் ஆபரேஷன். காமாலையோட வந்தா நோய் முத்துனதாத்தான் பெரும்பாலும் இருக்கும், இத மறைச்சு எழுதி என்ன பண்ண.

ஆபரேஷன் அன்னைக்கு மொதல்ல சின்ன ஓட்டை போட்டு கேமராவ விட்டு வயித்துக்குள்ள பாப்பாங்க. ஸ்கேன்ல தெரியாத பொடிக் கட்டிங்க ஈரல் மேலயோ வயித்து உறையிலயோ தெரிஞ்சா அதோட நிறுத்திருவாங்க. "தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க"ன்னு ஊருல பேசுவாங்க பாருங்க, அது டாக்டரு கைவிட்டது இல்ல, அதுக்கு மேல வெட்டுனா ஆளுக்கு வேதனைதான் மிச்சம், நாளு கூடாது. இப்படி ஆகலாம்னு வீட்டுல எல்லாத்துக்கும் முந்தின நாளே சொல்லி வைங்க, ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வச்சி கேட்டா ஆளுக தாங்க மாட்டாங்க.

எடுக்கலாம்னா, பித்தப்பையோட சேத்து அது ஒட்டியிருந்த ஈரல்ல ரெண்டு மூணு செ.மீ. ஆழத்துக்கு ஒரு பகுதி, இல்லன்னா ஈரல்ல 4பி, 5ன்னு நம்பர் வச்சிருக்க ரெண்டு துண்டு. ஈரல் திரும்ப வளரும், இத சொன்னாலே வீட்டுல பாதி பயம் போயிரும். அதோட ஈரலுக்குப் போற ரத்தக்குழாய், பித்தக்குழாய சுத்தி உள்ள நெறிக்கட்டிங்க (லிம்ப் நோடு), கொறஞ்சது ஆறு எண்ணமாச்சும் எடுத்து லேபுக்கு அனுப்பணும். நெறிக்கட்டில நோய் இருக்கா இல்லையாங்கிறதுதான் அடுத்த சிகிச்சைய முடிவு பண்ணும். ரெண்டாவது ஆபரேஷன்ல பைய ஏற்கனவே எடுத்திருந்தாலும் அந்த எடத்து ஈரலும் நெறிக்கட்டியும்தான் எடுப்பாங்க. முன்ன போட்ட கேமரா ஓட்டைத் தழும்பையும் வெட்டி எடுக்குற பழக்கம் இருந்துச்சு, இப்ப பெரும்பாலும் அது தேவையில்லன்னு விட்டுட்டாங்க.

பொறவு உள்ள நாளுங்க

விலா எலும்புக்குக் கீழ நீளமா தையல் இருக்கும். ரெண்டாம் நாளே எழுப்பி நடக்க வைப்பாங்க, "பாவம் படுத்திருக்கட்டும்"னு நாம தடுக்கக்கூடாது, காலுல ரத்தம் கட்டாம இருக்கவும் நெஞ்சுல சளி கட்டாம இருக்கவும்தான் அது. மூணு பந்து உள்ள ஊதுத கருவி குடுப்பாங்க, அது ஊதுததுக்கு இல்ல, மூச்ச உள்ள இழுக்குறதுக்கு. மதினி ரெண்டு நாளா ஊதிட்டே இருந்தாவ, பந்து ஏறலன்னு கோவம் வேற.

வயித்துல இருந்து ஒரு குழாய் வந்து பையில வடியும். கூட இருக்க ஆளு பாக்க வேண்டியது அந்த நிறத்த. மொத நாளு செகப்பா இருக்கும், பொறவு வெளுத்து இளம் மஞ்சளா தெளிஞ்சு, அளவும் கொறஞ்சிட்டே வரும். கரும்பச்சையா, கெட்டி மஞ்சளா வந்தா பித்தம் கசியுது. திடீர்னு புது ரத்தமா நெறைஞ்சாலும் சரி, கசிஞ்சாலும் சரி, காலையில ரவுண்ட்ஸ் வரட்டும்னு இருக்காம அப்பவே சிஸ்டர்ட்ட சொல்லணும். கசிவுக்கு பயப்பட வேண்டாம், பல பேருக்கு குழாய கொஞ்ச நாள் கூட விட்டு வச்சாலே நின்னுரும், சிலருக்கு ஸ்டென்ட் வைப்பாங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணு மஞ்சளாகுறது இதெல்லாம் வீட்டுக்குப் போனப் பொறவு வந்தாலும் அந்தாக்ல திரும்ப ஆஸ்பத்திரிதான்.

சாப்பாட்டுக்கு ஆளாளுக்கு ஒரு பத்தியம் சொல்லுவாவ. மொத சில வாரம் எண்ணெய், தேங்காப்பால் கம்மியா, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளையா: இட்லி, இடியாப்பம், பருப்பு, முட்டை, மீன் கொழம்பா இல்லாம அவிச்ச மீனு. கெட்டித் தேங்காப்பால் சொதி கொஞ்ச நாள் பொறுக்கட்டும். சிலருக்கு கொழுப்பு சாப்பிட்டா வயித்தால போகும், பைய பழகிரும். புரதம் கொறையக்கூடாது, புண்ணு ஆறணும். ஆயுசுக்கும் கஞ்சிதான்னு யாராவது சொன்னா கேட்டுக்கிட்டு விட்டுருங்க.

மாத்திரையும் செக்கப்பும்

பெரிய ஆபரேஷன் முடிஞ்ச பல பேருக்கு கேப்சிடபின்ங்கிற கீமோ மாத்திரை ஆறு மாசம் குடுப்பாங்க, 2019ல வந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பொறவு இது வழக்கமாயிருச்சு. ரெண்டு வாரம் காலையிலயும் ராத்திரியும், ஒரு வாரம் லீவு, இப்படி எட்டு சுத்து. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள போடணும். உள்ளங்கை, உள்ளங்கால் செவந்து எரியும், தோலு உரியும். தேங்காண்ணெயோ மாய்ச்சரைசரோ தடவலாம், வெந்நீருல பாத்திரம் கழுவ விடாதீங்க. கொப்புளம் வந்தாலோ வயித்தால நிக்காம போனாலோ மாத்திரைய நிறுத்திட்டு டாக்டருக்கு போன் போடணும், காசு குடுத்து வாங்குனதாச்சேன்னு போட்டு முடிக்கக்கூடாது. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுதவங்க முன்னாலயே சொல்லணும், ரெண்டும் இதோட மோதும். மொத ரெண்டு வருஷம் மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்க ஸ்கேன், பொறவு இடைவெளி கூடும், அஞ்சு வருஷம் வரைக்கும் பாப்பாங்க.

ஆபரேஷன் முடியாதுன்னு சொல்லிட்டா

கண்டுபிடிக்கும்போதே பல பேரு இந்த நிலமையிலதான் இருக்காங்க. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின்னு ரெண்டு கீமோ சேத்து போடுததுதான் வழக்கம், 2022ல இருந்து அதோட இம்யூனோதெரபி (ஒடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டுத மருந்து) ஊசியும் சேக்காங்க, அதுக்கு செலவு ரொம்ப. வீட்ட வித்து போடுததுக்கு முன்னால "இதனால எவ்வளவு நாள் கூடும்"னு டாக்டர்ட்ட நேருக்கு நேரா கேளுங்க, கேக்க ஒங்களுக்கு உரிமை இருக்கு. பயாப்சில ஹெர்2ன்னு ஒரு டெஸ்ட் பண்ணிருக்கான்னும் கேளுங்க, அது இருக்கவங்களுக்கு தனி மருந்து உண்டு. சில பேருக்கு கீமோவுல கட்டி சுருங்கி பொறவு ஆபரேஷன் நடந்ததும் உண்டு, ஆனா அது சில பேருக்குத்தான்.

அரிப்புக்கும் காமாலைக்கும் ஸ்டென்ட் வச்சாலே ஆளு பாதி தேறிரும், ராத்திரி தூங்குவாங்க. ஸ்டென்ட் அடைச்சா காய்ச்சலும் நடுக்கமும் வரும், அது அவசரம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கு. அடிமையாயிருவாங்கன்னு பயந்து பல வீட்டுல குடுக்காம ஆள துடிக்க விடுதாங்க, புத்துநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல குடுக்குறதுல அந்த பயம் தேவையில்ல. எல்லா மெடிக்கல்லயும் கெடைக்காது, வலி நிவாரண ஓ.பி. இருக்க ஆஸ்பத்திரில கேக்கணும். மார்ஃபின் போட்டா மலச்சிக்கல் கண்டிப்பா வரும், அதுக்கும் மருந்த மொத நாளே சேத்து எழுதி வாங்கிட்டு வாங்க.